ஆறுக்கு ஆறு

கோயம்புத்தூர்
12.2.2001

சிரஞ்சீவி கோவிந்தராஜனுக்குத் திருவேங்கடத்தின் ஆசீர்வாதம். நானும் உன் அக்கா சாவித்திரியும் இங்கே சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. உன் ரத்தக் கொதிப்பும் உன் மனைவி பட்டுவின் மூட்டு வலியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒளிக்காமல் எழுது.

நரேன் உங்கள் ஊரில் வேலையில் சேர்ந்து டாலிகஞ்சில் ஒரு மெஸ்ஸில் தங்கியிருக்கிறான். எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அந்த ஊரில் அவனுக்கு மாமா நீதான், அப்பாவும் நீதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு, பட்டுவை ஒரு வாய் ரசம் சாதம் போடச் சொல்.

அடுத்தது, நீ வயிறெரிய வேண்டிய சமாசாரம். புது பிஸ்டல் வாங்கிவிட்டேன். மில் மேனேஜராக இருந்தபோது எடுத்த லைசென்ஸ் சும்மாதானே கிடந்தது. எட்டுத் தோட்டா, உள்ளங்கை அகலம், பட்டுப் போல வழுக்கிக்கொண்டு வேலை செய்கிறது. உன் வீட்டில் இருக்கும் அந்த வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வரைக் காயலான் கடைக்காரன்கூட யோசித்துத்தான் எடுப்பான். உங்கள் ஊரின் பெயரையே கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். நீ துப்பாக்கியை மாற்றக் கூடாதா?

அன்புள்ள,
திருவேங்கடம்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
3.3.2001

அத்திம்பேருக்கும் அக்காவுக்கும் கோவிந்தனின் நமஸ்காரம். நாங்கள் இருவரும் நலம். கொதிப்பு மாத்திரையோடு சமாதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது. முழங்காலுக்கு நடை நல்லது. ஆனால் நீங்கள் பிஸ்டலை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

நரேன் இரண்டு ஞாயிறு வந்தான். மூன்று தடவை ரசம் கேட்டு வாங்கினான்.

உங்கள் புது விளையாட்டுச் சாமான் பற்றி. அதன் வயிற்றில் ஸ்பிரிங், மேலே ஒரு மூடி, கீழே ஒரு பெட்டி. ஒரு தோட்டா குறுக்கே மாட்டினால் எட்டும் போச்சு. நீங்கள் உட்கார்ந்து கழற்றி மாட்டும் வரை திருடன் காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். என்னுடையதில் அந்த வம்பே இல்லை. ஒன்று வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு தடவை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா தானே முன்னால் வந்து நிற்கும். துறைமுகத்துச் செக்யூரிட்டி ஆபீசில் இதைத்தான் காவலர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன்: யோசிக்காதே, மறுபடி இழு. முப்பத்தைந்து வருஷமாக வருஷத்துக்கு ஒருமுறை கிளப்பில் சுடுகிறேன். ஆறுக்கு ஆறு. ஒன்றுகூடத் தவறினதில்லை.

இப்படிக்கு,
கோவிந்தன்

கோயம்புத்தூர்
30.4.2001

சிரஞ்சீவி கோவிந்தனுக்கு ஆசீர்வாதம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சௌக்கியம். உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பட்டு என்ன செய்கிறாள்?

தேர்தல் வந்ததால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். நீயும் உன்னுடையதைக் கொடுத்திருப்பாய். எனக்கு முன்னால் நின்ற மிராசுதார் கொண்டுவந்த நாட்டுத் துப்பாக்கி உன் ரிவால்வருக்கு அண்ணன் மாதிரி இருந்தது. என் பிஸ்டலை எடுத்துப் பார்த்த இன்ஸ்பெக்டர், "சார், எங்ககிட்டயே இப்பிடி ஒண்ணு இல்லீங்க" என்றார். மூன்று நாள் அந்த வார்த்தையிலேயே சாப்பிட்டேன்.

வாயால் பேசி என்ன பயன்? ஜனவரியில் நீங்கள் இங்கே வரும்போது உன்னுடையதையும் கொண்டு வா. எங்கள் கிளப்பில் இரண்டையும் சுட்டுப் பார்த்துவிடலாம். எது முதலில் தகராறு செய்கிறதோ அதன் சொந்தக்காரன் தோற்றவன். தோற்றவன் தன் கைப்பட, முழு இனிஷியலோடு, "உன்னுடையதுதான் நம்பகமானது" என்று எழுதித் தர வேண்டும். ஜெயித்தவன் அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிக்கொள்ளலாம். ஆணி அடிக்க இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

திருவேங்கடம்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
24.6.2001

அத்திம்பேருக்கும் அக்காவுக்கும் நமஸ்காரம். மழை ஆரம்பித்துவிட்டது, தெருவில் முழங்கால் தண்ணீர். எங்கள் முழங்கால்கள் நலம். உங்களுடையதற்குப் பட்டு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறாள்.

ரிவால்வர் திரும்பி வந்துவிட்டது. தானாவில் (இங்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு அதுதான் பெயர்) அதைக் காகிதம் பறக்காமல் இருக்க மேஜை மேல் வைத்திருந்தார்கள். உங்கள் பிஸ்டலால் அதுகூட முடியாது, கனம் போதாது. பந்தயம் ஒப்புக்கொண்டேன். என் லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும், ஆகையால் வந்தே தீரும்.

ஒரு கவலையான சமாசாரம். நாலு வீடு தள்ளி மித்ரா பாபு வீட்டில் பட்டப்பகலில் ஒருவன் பூட்டைத் திறந்து நுழைந்துவிட்டான். இந்த ஊரில் சாப்பிட்டபின் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை உலகமே தூங்கும். அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து ஆறு தோட்டாவும் போட்டுத் தலைமாட்டு டிராயரில் வைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், எனக்கு முறை தெரியும். மூன்று தடவை "யாரது" என்று குரல் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் கை உயர வேண்டும். இதையும் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். வருகிறவன் வந்து பார்க்கட்டும், உங்களுக்கு எழுத எனக்கும் ஒரு கதை கிடைக்கும்.

நரேன் ஞாயிறு தவறாமல் வருகிறான். மணியடித்து எங்கள் தூக்கத்தைக் கெடுக்கக் கூச்சப்படுகிறான் என்று பட்டு அவனுக்கு ஒரு சாவி கொடுத்திருக்கிறாள்.

கோவிந்தன்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
27.10.2001

சாவித்திரி அக்காவுக்குப் பட்டு நமஸ்காரம். அத்திம்பேருக்கும் சொல்லவும். தைலம் கேட்டதா? இங்கே என் கை வலி அப்படியேதான், ஆனாலும் பண்டிகை நிற்கவில்லை.

வெளியே துர்கா பூஜைப் பந்தலில் தாக் மேளம் கொட்டுகிற சத்தத்தில் வீட்டுக்குள் பேசுவதே கேட்கவில்லை. அந்தச் சத்தத்திலேயே எங்கள் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் நடந்தன. தையல் மிஷின், இட்லி கிரைண்டர், நரேனுடைய கம்ப்யூட்டர் புஸ்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். உங்கள் தம்பி தோட்டாவை எடுத்துவிட்டு ரிவால்வரையும் கொண்டு வந்து வைத்தார். "ஒரு பொட்டு போறும்டி, ஜாஸ்தி அப்பாதே" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. நிறைய அரைத்துவிட்டேன். பின்னால், குதிரை என்று அவர் சொல்கிற சுத்தியல் வந்து அடிக்கிற இடத்தில் சின்னக் குழி மாதிரி இருக்கிறது, பொட்டு வைக்க வாகாக இருந்ததால் நன்றாக வைத்து அழுத்திவிட்டேன். மறுநாள் அவர் மேலாகத் துடைத்துத் தோட்டாவைப் போட்டு டிராயரில் வைத்துவிட்டார்.

நீங்கள் பின்னி அனுப்பிய குரங்குக் குல்லா வந்தது. நரேன் போட்டுக் காட்டினான். கண் இரண்டும்தான் தெரிகிறது. குளிர் ஆரம்பித்ததும் தினமும் போட வேண்டும் என்று நீங்கள் எழுதியதைச் சொல்லிவிட்டேன்.

பட்டு

கோயம்புத்தூர்
12.11.2001

சிரஞ்சீவி கோவிந்தனுக்கு ஆசீர்வாதம். தைலம் கேட்டது. மாடிப்படி ஏறுகிறேன்.

கிளப்பில் தேதி வாங்கிவிட்டேன். ஜனவரி இருபது, ஞாயிற்றுக்கிழமை. இதோடு துப்பாக்கிக் கடைக்காரர் கொடுத்த படப் புத்தகம் வைத்திருக்கிறேன். இதைச் சொல்வது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ: பழசைக் கட்டிக்கொண்டு அழாதே, என்னுடையதைப் போல ஒன்று வாங்கு. நேற்று நாற்பது தோட்டா சுட்டேன், ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. வீட்டுப் பக்கம் திருடன் வருகிறான் என்கிறாய். இழுத்தால் வெடிக்க வேண்டும், அதற்குத்தானே துப்பாக்கி?

திருவேங்கடம்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
2.12.2001

அத்திம்பேருக்கும் அக்காவுக்கும் நமஸ்காரம். நாங்கள் நலம். அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

குளிர் வந்துவிட்டது. லேக் பக்கம் காலையில் நடக்கிறேன். காலிஃபிளவர் நிறைய வருகிறது. பட்டுவுக்கு வலி பரவாயில்லை.

ஜனவரியில் வர முடியுமா என்று தெரியவில்லை. டிக்கெட் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள்.

நரேன் நன்றாக இருக்கிறான்.

கோவிந்தன்

டாலிகஞ்ச், கொல்கத்தா
10.12.2001

மாமாவுக்கு நரேன் நமஸ்காரம். மாமிக்கும். இரண்டு மைல் தூரத்திலிருந்து கடிதம் எழுதுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மூன்று ஞாயிறாக வராததற்கு ஆபீஸ் வேலை என்று மாமியிடம் போனில் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

நேற்று அப்பா போனில், "உன் மாமா ஏன் துப்பாக்கியப் பத்தி மூச்சே விடலை, பயந்துட்டானா?" என்று கேட்டுச் சிரித்தார். நீங்கள் எழுதவில்லை என்று புரிந்தது. நானும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் அவர்கள் இருவரும் அன்றே ரயில் ஏறிவிடுவார்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை மாமா. முகம் மூடிய குல்லாவோடு, பூட்டைத் திறந்துகொண்டு, நீங்கள் தூங்கும் அறைக்கு நான் வந்திருக்கக் கூடாது. வாசலிலேயே குரல் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த 'டக்' சத்தம் காதிலேயே இருக்கிறது. மெஸ்ஸில் யாராவது சுவிட்ச் போட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்கிறேன். கொஞ்ச நாள் ஆகட்டும், வருகிறேன். மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

நரேன்

கோயம்புத்தூர்
26.12.2001

சிரஞ்சீவி கோவிந்தனுக்கு ஆசீர்வாதம். டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஒரு ரிவால்வர்காரன் சொல்வதை நான் நம்பவில்லை. தோற்றுப்போகும் பயம் என்று எழுதியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

இன்றைக்கு விளையாட்டு வேண்டாம், வேறு விஷயம். நரேனுக்கு மெஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. போனில் குரல் சரியில்லை, சரியாகத் தூங்குவதில்லை என்கிறான். அக்கா தினமும் அழுகிறாள். அவனைப் பொங்கலுக்குப் பிறகு உன் வீட்டிலேயே வந்து இருக்கச் சொல்லி எழுதப்போகிறேன். நான் எவ்வளவு கேலி செய்தாலும், உன் பெயரைச் சொன்னால் எனக்கு ஒரு தைரியம். நீ இருக்கிற வீட்டில், உன் பழைய ரிவால்வர் இருக்கிற வீட்டில், என் பிள்ளை இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

திருவேங்கடம்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
6.1.2002

அத்திம்பேருக்கு நமஸ்காரம். அக்கா நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள்.

நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நவம்பர் பதினெட்டாம் தேதி நரேனை நான் சுட்டேன். துப்பாக்கி வெடிக்கவில்லை. அவனுக்கு ஒரு கீறலும் இல்லை.

மத்தியானம் மூன்று மணி. பட்டு கரியாஹாட்டுக்குக் கம்பளி நூல் வாங்கப் போயிருந்தாள். தூக்கத்தில் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. டிராயரைத் திறந்து எடுத்தேன். அறை வாசலில் திரைக்கு இந்தப் பக்கம் கண் மட்டும் தெரிகிற ஒரு தலை வந்தது. நான் குரல் கொடுக்கவில்லை. மூன்று தடவை வேண்டாம், ஒரு தடவைகூட இல்லை. விசையை இழுத்தேன்.

பயத்தில் மறந்துவிட்டேன் என்று பட்டுவிடம் சொன்னேன். அது பொய். எனக்குப் பயமே இல்லை. கையில் அந்தக் கனம் ஏறியதும் எனக்கு வந்தது சந்தோஷம். அத்திம்பேருக்கு எழுத விஷயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கடிதத்தின் முதல் வரிகூட மனசில் வந்துவிட்டது. குரல் கொடுத்தால் ஓடிவிடுவானே என்று இருந்தது. இதை எழுதும்போது என் முகத்தை நானே பார்க்க முடியாமல் கண்ணாடி இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நான் இழுத்தது இரண்டு தடவை. முதல் தடவை வெடிக்கவில்லை என்றதும் கை தானாக மறுபடி இழுத்தது. யோசிக்காதே, மறுபடி இழு என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேன் அல்லவா? நடுவில் அவன் "மாமா" என்றான். அவன் சொன்னது இரண்டாவது தடவைக்கு முன்னாலா பின்னாலா என்று எனக்குத் தெரியவில்லை. நரேனுக்குத் தெரியும். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவனும் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து, கொண்டு வந்த சந்தேஷ் இனிப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் மாமா, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவன்தான் எழுந்து போய் எனக்குக் கொண்டு வந்தான்.

பிறகு பிரித்துப் பார்த்தேன். குதிரை அடிக்கிற இடத்தில் பட்டு வைத்த சந்தனம் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. ஊசி முழுசாக உள்ளே போகவில்லை. தோட்டா இரண்டிலும் லேசான வடு, நகம் பட்ட மாதிரி. நான் அவளிடம் ஒரு பொட்டு போதும் என்று சொன்னவன்.

மறுநாளே ரிவால்வரையும் லைசென்ஸையும் தானாவில் கொடுக்கப் போனேன். "ஏகோன் தோ வோட் நெய், தாதா" என்றார் அங்கிருந்தவர், இப்போது தேர்தல் இல்லையே என்று. இனி எப்போதும் எனக்குத் தேர்தல்தான் என்று சொல்லி ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

நரேனை இங்கே வரச் சொல்லாதீர்கள். அவன் எனக்காகத்தான் மூடி மறைத்தான், அவனைத் திட்டாதீர்கள். நான் தோற்றுவிட்டேன். பந்தயப்படி எழுதித் தருகிறேன்: உங்களுடையதுதான் நம்பகமானது.

டி. கே. கோவிந்தராஜன்

கோயம்புத்தூர்
3.3.2002

கோவிந்தனுக்கு. சாவித்திரிக்குக் காய்ச்சல் வந்து இப்போது தேவலை. உங்கள் உடம்பைப் பற்றி எழுது.

உன் கடிதம் வந்து ஐம்பது நாள் ஆகிறது. மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் எழுதியதை நீ படித்திருந்தால் இந்த ஜன்மத்தில் நாம் பேசியிருக்க முடியாது. மன்னித்துவிட்டேன் என்று இப்போதும் எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

அக்காவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "அந்தக் குல்லா நான் பின்னினது" என்றாள்.

உன்னை மட்டும் சொல்லி என்ன? ஒரு வருஷமாக உன்னைச் சீண்டிச் சீண்டிக் கடிதம் போட்டது நான். புதுசு வாங்கு, இழுத்தால் வெடிக்க வேண்டும் என்று படப் புத்தகம் அனுப்பியது நான். என் பேச்சைக் கேட்டு நீ வாங்கியிருந்தால்? என்னுடையது நாற்பதுக்கு நாற்பது. பட்டு எவ்வளவு சந்தனம் அப்பினாலும் நான் பெருமைப்படும்படி வெடித்திருக்கும். அந்த இருபதாம் தேதி கிளப்புக்குப் போகவில்லை. பிஸ்டலை விற்கச் சொல்லிவிட்டேன்.

நீ எழுதித் தந்ததை ஒப்புக்கொள்ள முடியாது. பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று இந்த ஐம்பது நாளும் யோசித்தேன். என் கைப்பட எழுதுகிறேன்: உன்னுடையதுதான் நம்பகமானது.

பட்டுவுக்குத் தனியாக ஒரு சந்தனக் கட்டை பார்சலில் வருகிறது. நரேனிடம் பேசிவிட்டேன். அவனுக்கு வர விருப்பம். வந்தால் கதவை நீ திற.

ஆர். எஸ். திருவேங்கடம்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
15.4.2002

அத்திம்பேருக்கும் அக்காவுக்கும் நமஸ்காரம். வருஷப் பிறப்பு நல்லபடியாக நடந்திருக்கும். பட்டு மாங்காய்ப் பச்சடி செய்தாள். சந்தனக் கட்டையைப் பெருமாளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். எனக்குக் கொதிப்பு கொஞ்சம் அதிகம்தான், ஒளிக்கவில்லை.

நீங்கள் எழுதித் தந்ததைச் சட்டம் போடவில்லை. ரிவால்வர் இருந்த டிராயரில் அது ஒன்றுதான் இருக்கிறது.

நரேன் நாலு ஞாயிறாக வருகிறான். நன்றாகச் சாப்பிடுகிறான், சிரிக்கிறான், மாமியைக் கேலி செய்கிறான். மத்தியானங்களில் நான் இப்போது தூங்குவதில்லை. இரண்டு மணிக்கே வாசல் அறையில் உட்கார்ந்துகொள்கிறேன், கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். சாவியும் அவனிடம்தான் இருக்கிறது, திருப்பித் தரவில்லை. நேராக உள்ளே வாடா என்று முதல் வாரமே சொன்னேன். சரி மாமா என்றான்.

நேற்றும் வந்தான். கதவு திறந்திருந்தது, நான் அவன் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். இரண்டு படி கீழேயே நின்றுகொண்டு, இரண்டு கையும் எனக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு, "மாமா, நான் நரேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறினான்.

கோவிந்தன்